கூரையும் குரலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், கோடை இசைப் பள்ளியின் கட்டடத் திருப்பணி குறித்து ஆற்றிய உரை)

    

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தனாய்ச் சேர்ந்து, கோப்புகளோடு காலம் கழிப்பவன். சரக்குக் கணக்கில் ஒரு சுழியம் பிசகினால் உடனே காண்பேன். பாட்டில் சுருதி பிசகினால் என் இல்லாள் முழங்கையால் இடித்த பின்புதான் உணர்வேன். அப்படிப்பட்டவனை இசைப் பள்ளிக் கட்டடக் குழுவில் சேர்த்தமைக்குக் காரணம், ஒருவர் பணம் எண்ண வேண்டும் என்பதே. எண்ணியவன் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சிறிது கசப்பாயிருப்பினும் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இவ்வாண்டு புதிதாகக் குடிவந்த குடும்பங்களுக்காக ஓரிரு சொற்கள். ஆண்டுதோறும் பள்ளி விடுமுறை தொடங்கியதும், ஏப்ரல் நடுவிலிருந்து மே மூன்றாம் வாரம் வரை, நம் சங்கக் கூடத்தில் கோடை இசைப் பள்ளி நடைபெறுகிறது. வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின் ஆகிய மூன்றும் கற்பிக்கப்படுகின்றன. ஒலவக்கோட்டுப் பிள்ளைகள் காலையில் நடந்து வருகிறார்கள். மாலையில் வீடு திரும்புகிறார்கள். ஆனால் மூன்றில் ஒரு பங்கினர் மலையிலிருந்து வருபவர்கள். மூணாறு, தேவிகுளம், மறையூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களின் மக்கள் அவர்கள். மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை வரை பேருந்து, அங்கிருந்து பொள்ளாச்சி, பின்பு நம் வண்டி. வண்டிப்பெரியாற்றுப் பிள்ளைகளோ குமுளி, தேனி என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறார்கள். இடுக்கி மாவட்டத்தில் ஒரு புகைவண்டி நிலையமும் இல்லை என்பது நீங்கள் அறிந்ததே. ஒரு காலத்தில் இருந்தது என்பதைச் சிலர் அறியமாட்டீர்கள். மூணாற்றிலிருந்து தேயிலை கொண்டு செல்லக் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு சிறு இருப்புப்பாதை ஓடியது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதை அடியோடு வாரிக்கொண்டு போயிற்று. மீண்டும் எவரும் அமைக்கவில்லை. நம் தொழில் பற்றிய செய்தியாதலால் சொல்லிவிட்டேன், பொருளுக்கு வருகிறேன்.

இப்போது கூடத்தைப் புதுப்பித்து விரிவாக்குவதென்று முடிவு செய்திருக்கிறோம். குழுவின் முன் வந்துள்ள வரைபடத்தில் சாலையோரம் ஓர் அலங்கார வளைவு, குளிரூட்டப்பட்ட அரங்கு, பளிங்குத் தரை, நன்கொடையாளர் பெயர் பொறிக்கக் கருங்கற் பலகை ஆகியவை உள்ளன. பார்க்க அழகாயிருக்கிறது. அதை வரைந்த அன்பர் ஒரு காசும் வாங்கவில்லை. அவருக்கு நம் நன்றி உரியது. எனினும் அந்தப் படத்தில் கண்ணுக்கு வேண்டியவை பல இருக்கின்றன. காதுக்கு வேண்டியது யாதொன்றும் இல்லை. பிள்ளை படுத்துறங்கவும் இடம் காணவில்லை.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று நீங்கள் கேட்கலாம். என் தகுதி, நான் செய்த தவறுதான். முன்பு ஒருமுறை நம் கூடத்துக் கூரையில் கரையான் ஏறி, சட்டங்கள் உளுத்து, ஓடுகள் சரிந்தன அல்லவா? மரமும் ஓடும் மாற்ற ஒரு தொகை, தகரத் தகடு போட அதில் பாதித் தொகை என்று இரு மதிப்பீடுகள் வந்தன. தகரமே போதும் என்று குறிப்பு எழுதியவன் நான். குழுவும் ஒப்புக்கொண்டது. மிச்சப்பட்ட தொகையை ஆண்டறிக்கையில் பெருமையோடு அச்சிட்டோம்.

அடுத்த மே மாதம் நிறைவு விழா. மாலை 5 மணி. மலையிலிருந்து வந்த ஒரு சிறுமி, பதின்மூன்று வயதிருக்கும், முதன்முறையாகத் தனியே பாட மேடையேறினாள். அவள் தாய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, விடியுமுன் புறப்பட்டு வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். பல்லவி தொடங்கியதும் கோடை மழை வந்தது. பாலக்காட்டுக் கோடை மழை எப்படிக் கொட்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தகரத்தின்மேல் ஆயிரம் பறையை ஒருங்கே அறைந்தாற்போல் இருந்தது. சிறுமியின் உதடுகள் அசைந்தன. மிருதங்கக்காரப் பையனின் விரல்கள் அசைந்தன. ஓர் எழுத்தும் கேட்கவில்லை. அவளோ கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சரணமும் விடாமல் பாடி முடித்து, வணங்கி இறங்கினாள். மழை நின்றது அதற்குப் பிறகுதான்.

நான் அந்த அம்மையாரிடம் சென்று வருத்தம் தெரிவித்தேன். அவர் எங்கள் தென்காசிப் பக்கத்துப் பூர்விகத்தவர். "அதுக்கென்ன அண்ணாச்சி, மழை பெய்யத்தானே செய்யும். வீட்டுல பாடச் சொல்லிக் கேட்டுக்கிடுதேன்" என்றார். வீடு என்று அவர் சொன்னது லயத்தில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம், அதற்கு அப்பால் இன்னொரு குடும்பம். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்கள் உறங்கும் வேளையில் அந்தப் பெண் எங்ஙனம் வாய் திறந்து பாடுவாள்? அவள் முழுக் குரலில் பாடுவதற்கு ஓர் இடம் உண்டென்றால், அது நம் கூடம். அந்த இடத்தின் கூரையைத்தான் நான் பாதி விலையில் முடித்துக் கொடுத்தேன்.

மழையால் கச்சேரி கெடுவது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதைப் பின்னால் அறிந்தேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டாங்கிள்வுட் என்று ஓர் இடம். பாஸ்டன் நகர இசைக்குழுவின் கோடை இருப்பிடம் அது. 1937-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள், ஒரு பெருங் கூடாரத்தின் கீழ் வாக்னரின் இசையைக் குசெவிட்ஸ்கி நடத்திக்கொண்டிருந்தபோது இடியும் மழையும் வந்தன. இசை தடைப்பட்டது, கூடாரம் ஒழுகியது, கேட்க வந்தோர் நனைந்தனர். அப்போது விழாக் குழுவின் தலைவியான கெர்ட்ரூட் ராபின்சன் ஸ்மித் என்னும் அம்மையார் மேடையேறி, நனைந்து நின்ற கூட்டத்தைப் பார்த்தே நிலையான அரங்கு கட்ட நன்கொடை கேட்டார். நம்மூரிலும் சமயம் பார்த்துக் கேட்கத் தெரிந்த தாய்மார்கள் உண்டு. சாரினென் என்ற பெயர்பெற்ற சிற்பி படம் போட்டுக் கொடுத்தார். அது கையிலிருந்த பணத்துக்கு மிஞ்சியதாயிருந்தது. குறைத்தும் போதவில்லை. இந்தப் பணத்துக்கு ஒரு கொட்டகைதான் கிடைக்கும், அதற்கு நான் எதற்கு என்று அவர் விலகிக்கொண்டார். உள்ளூர்ப் பொறியாளர் ஜோசப் ஃபிரான்ஸ் என்பவர் அந்தப் படத்தை எளிமையாக்கி, பக்கங்கள் திறந்த ஒரு பெரிய கொட்டகையாகவே கட்டி முடித்தார். 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறந்தார்கள். இன்றும் அதற்குப் பெயர் கொட்டகைதான்! 1940-இல் அங்கே இளைஞர்க்கான கோடை இசைப் பள்ளியும் தொடங்கிற்று. 1959-இல் மேடைக்கு மேல் ஒலியைத் திருப்பி அனுப்பும் பலகைகளைத் தொங்கவிட்டார்கள். பணம் வந்தபோது காதுக்குச் செலவிட்டார்கள் என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

கொட்டகை என்றால் நமக்கு இழிவாகத் தோன்றுகிறது. சென்னை மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது; சொந்த அரங்கு திறந்தது 1962-இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேல் பந்தலிலும் பிறர் இடங்களிலுமே அதன் விழாக்கள் நடந்தன. அரியக்குடியும் செம்பையும் அங்கே பாடவில்லையா?

செம்பை என்றதும் ஒரு சொல். கோட்டாயிக்கு அருகிலுள்ள செம்பைக் கிராமம் இங்கிருந்து சிறு தொலைவுதான். அங்கே பிறந்த வைத்தியநாத பாகவதர் (1896–1974) வீட்டிலேயே மாணாக்கரைத் தங்கவைத்துப் பாடம் சொன்னவர். சங்கீத கலாநிதி, பத்மபூஷண் ஆகிய விருதுகள் பெற்ற பெரும் வித்துவான். குருவின் குரல் காதில் விழும் தூரத்தில் உண்டு உறங்கிக் கற்பதற்கே குருகுலம் என்று பெயர். இதைப் பின்னர் உறைவிடம் பற்றிப் பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாங்கிள்வுட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு வியப்பு ஏற்பட்டது. திறந்த பக்கங்களும் பெருங் கூரையும் நமக்குப் புதியனவா? திருச்சூர் வடக்குந்நாதர் கோயில் கூத்தம்பலத்தைப் பார்த்திருப்பீர்கள். செங்குத்தாகச் சரியும் கூரை, உயரமான உள்வெளி, சுற்றிலும் சுவருக்குப் பதிலாக மர அழிகள். கூடியாட்டக் கலைஞன் ஒலிபெருக்கியின்றிச் சொல்வது கடைசியில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்று எண்ணிக் கட்டியது அது. அழிகளின் வழியே காற்று உள்ளே வருகிறது. மிகையான ஒலி வெளியே போகிறது. வள்ளத்தோள் 1930-இல் தோற்றுவித்த கேரள கலாமண்டலத்துக்கு, பின்னாளில் செறுதுருத்தியில் இதே முறையில் ஒரு கூத்தம்பலம் எழுப்பினார்கள். அமெரிக்கப் பொறியாளரும் நம் மலையாளத் தச்சரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நாமோ இரண்டையும் விட்டுவிட்டு, சன்னல்களை அடைத்துக் கண்ணாடி போட்டுக் குளிரூட்டப் புறப்பட்டிருக்கிறோம்.

குளிரூட்டுவதனால் என்ன கேடு? பள்ளி நடப்பது ஆண்டில் ஆறு வாரம். மற்ற நாட்களில் அடைத்த கூடத்தில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். அது ஒருபுறமிருக்க, பளிங்குத் தரை, கண்ணாடிச் சன்னல், வழவழப்பான சுவர் இவை மூன்றும் ஒலியை விழுங்கா. திருப்பித் திருப்பி எறியும். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுவது எவர்க்கும் விளங்கவில்லை. சபைன் என்ற இளம் ஆசிரியரைக் காரணம் காணப் பணித்தார்கள். அவர் இரவு நேரங்களில் வேறோர் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறதென்று அளந்தார். ஒன்றுமில்லாத கூடத்தில் ஐந்து நொடிக்கு மேல் ஒரு சொல் அடங்காமல் நின்றதாம். மெத்தைகள் ஏற ஏற நொடிகள் குறைந்தன. அந்தக் கணக்கைக் கொண்டு கட்டப்பட்டதுதான் 1900-இல் திறந்த பாஸ்டன் இசையரங்கம்.

நம் கூடத்தில் மிருதங்க வகுப்பின்போது நின்று பாருங்கள். ஆசிரியர் வாசித்த சொல்லும் பையன் வாசித்த சொல்லும் எதிர்ச்சுவரில் மோதி வந்த சொல்லும் ஒன்றாய்க் கலக்கின்றன. எது தன் பிழை என்று பையனுக்கே தெரியாது. இதற்குப் பெருஞ் செலவு வேண்டா. மூங்கில் தட்டியோ கயிற்றுப் பாயோ கிள்ளிமங்கலத்துக் கோரைப்பாயோ வாங்கி, சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிச் சட்டமடித்துத் தொங்கவிட்டால் பாதிக் குறை தீரும். சபைனின் மெத்தைகளுக்கு இவை நம்மூர் உறவு.

"ஒலிபெருக்கிதான் இருக்கிறதே, ஐயா!" என்று குழுவில் ஒருவர் கேட்டார். எதிரொலிக்கும் கூடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் எதிரொலியும் பெருகும். நம் ஊர்வலங்களில் கேட்டிருக்கிறோம். மேலும் நாம் இருப்பது பாலக்காடு மணி ஐயரின் ஊரில். ஒலிபெருக்கி இல்லாமலே வாசிப்பேன் என்று ஒரு காலத்தில் பிடிவாதமாக நின்ற மேதை அவர். கற்கும் பிள்ளை தன் இயற்கைக் குரலைத் தானே கேட்க வேண்டாவா?

ஆதலின் முதற் செலவு கூரைக்கு என்பது என் விண்ணப்பம். தகரத்தைக் கழற்றி, கரையான் மருந்து ஏற்றிய புதுச் சட்டங்களின்மேல் மங்களூர் ஓடு வேய வேண்டும். எடை மிகுந்த பொருள் மழையின் ஓசையை எளிதில் உள்ளே விடாது. ஓட்டின் அடியில் பலகைக் கூரையும் அமைந்தால் இன்னும் நன்று. 1865-இல் பாசல் மிஷன் சபையார் மங்களூரில் தொடங்கிய தொழில் இது. பாலக்காட்டிலும் அவர்களுடைய ஓட்டாலை இருந்தது. சரிந்த பழைய ஓடுகளில் பல உடையாமல் நம் பின்கட்டில் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றை நான் விற்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் புத்தி வேலை செய்திருக்கிறது.

அடுத்து உறைவிடம். இதில் தாய்மார்கள் எனக்குத் துணை நிற்க வேண்டும். மலைப் பிள்ளைகளில் ஆண்கள் கூடத்திலேயே பாய் விரித்துக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகளைக் காலனி வீடுகளில் இரண்டு மூன்றாகப் பிரித்து வைக்கிறோம். அன்போடு வைத்துக்கொள்கிறீர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் இட நெருக்கடியால் ஆண்டுதோறும் சில பெண்களுக்கு இடமில்லையென்று கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. எழுதுபவன் நானே. சென்ற ஆண்டு நான்கு கடிதம் எழுதினேன். நால்வரும் பெண்கள். ஒரு பையனுக்கும் இதுவரை அப்படிக் கடிதம் போனதில்லை.

திருவையாற்றில் தியாகையர் சமாதி பாழடைந்து கிடந்தபோது, பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளையும் நகைகளையும் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பினார். 1921-இல் அடிக்கல், 1925-இல் குடமுழுக்கு. அப்படிக் கட்டியவருக்கே அந்த ஆராதனையில் பாட இடமில்லை, பெண் என்பதால். அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியே ஆராதனை நடத்தினார். பின்னர் 1940-ஐ ஒட்டித்தான் பிரிந்திருந்த எல்லாரும் ஒன்றாயினர். நாம் எவரையும் பெண் என்று தடுக்கவில்லை என்பது உண்மை. தனிக் குளியலறை இல்லை, கழிப்பறை இல்லை, தாழிடும் அறை இல்லை என்று எழுதுகிறோம். கடிதம் பெறும் வீட்டில் இரண்டும் ஒன்றுதான்.

வடபுறம் உள்ள வெற்றிடத்தில் பன்னிரண்டு பெண் பிள்ளைகள் தங்க ஓர் ஓட்டு வீடும், குளியலறையும், கழிப்பறைகளும், ஒரு பெண் பொறுப்பாளர்க்கு அறையும் கட்டலாம். வளைவுக்கும் கருங்கற் பலகைக்கும் குறித்த தொகை அதற்கு ஏறக்குறையச் சரியாயிருக்கிறது; நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். மிச்சம் வந்தால் வேலியோரம், வேப்ப மரங்களுக்கு அடியில், ஒருவர் அமர்ந்து சாதகம் செய்யும் அளவில் சிறு குடில்கள் சில போடலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1928 முதல் நடந்துவரும் இண்டர்லாக்கன் இசை முகாமில் இத்தகைய குடில்கள் மரங்களுக்கு இடையே உண்டு. நம் பிள்ளைகளோ இப்போது சைக்கிள் கொட்டகையில் வர்ணம் பாடுகிறார்கள். கேட்பதற்கு இனிமைதான், சைக்கிள் எடுக்க வருபவர்தான் தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது.

கருவி அறையைப் பற்றியும் ஒரு சொல். 2018 ஆகஸ்டில் மலம்புழை அணையின் மதகுகள் திறந்து, கல்பாத்திப் புழை கரை புரண்டபோது நம் பின்கட்டிலும் நீர் புகுந்தது. இரண்டு தம்புராக்கள் நனைந்து, ஒட்டு விட்டுப் பிரிந்தன. மிருதங்கங்களைப் பெருவெம்பைக் கைவினைஞர்கள் மறுபடி தோலேற்றிக் கொடுத்தார்கள். தம்புராவில் ஒன்று இன்றும் ஊமையாய் மூலையில் சாய்ந்திருக்கிறது. அறையின் தரையை மூன்றடி உயர்த்தினால் போதும். மலையில் நிலைமை இதைவிடக் கொடிது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்து, எழுபது பேரை ஒரே இரவில் இழந்தோம். அதன்பின் அங்கிருந்து வரும் பெற்றோர் நம் கட்டடத்தைப் பார்க்கும்போது முதலில் சுவரையும் அதன் பின்னாலுள்ள மேட்டையும் பார்க்கிறார்கள். பாட்டு வாத்தியார் யார் என்பது அதற்குப் பிறகுதான்.

பணம் பற்றிச் சுருக்கமாக. நன்கொடையாளர் பெயர்கள் வேண்டும் என்பது நியாயமே. கருங்கல்லுக்குப் பதிலாகப் புதுக் கூடத்தின் சட்டங்களில் ஆளுக்கொன்றாகப் பெயர் எழுதலாம் என்று என் மகள் சொன்னாள். மேலே நிமிர்ந்து பார்ப்பவர்க்கு மட்டும் தெரியும். எனக்கு அது பிடித்தது. பொதுக்குழு என்ன சொல்லுமோ அறியேன்.

மழை பொழிந்த அந்த மாலையில் பாடிய பெண் இப்போது மறையூரில் சிறு பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லித் தருகிறாள். இவ்வாண்டு நிறைவு விழாவுக்குத் தன் மாணாக்கியர் மூவரை அழைத்து வருவதாக எழுதியிருக்கிறாள். மூவருக்கும் தங்க இடம் கேட்டிருக்கிறாள். விடை இன்னும் எழுதவில்லை, கோப்பில் வைத்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்குத் தச்சரும் ஓடு வேய்பவரும் வந்து கூரையை அளக்கிறார்கள். இயன்றவர்கள் வரலாம். நீண்ட ஏணி உடையவர்கள் கொண்டுவந்தால் உதவியாயிருக்கும். நம் சங்கத்து ஏணி இரண்டு படி குறைந்தது.